14 பேரும் படித்து முடிக்கிற மாதிரி ஒரு நாவல் சொல்லுங்கள்

பவானிக்கரை:

வணக்கம். பவானியில் நாலு வருடமாக ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்திவருகிறோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம், ஒரு அச்சகத்து மாடியில். ஊர்ப் பெயருக்குத் தக்கபடி ஜமுக்காளம் விரித்துத்தான் உட்காருவோம், சுண்டலோ முறுக்கோ யாராவது கொண்டுவருவார்கள். மொத்தம் 14 பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மருந்துக்கடைக்காரர், இரண்டு கல்லூரிப் பெண்கள், தறியில் முப்பது வருடம் உட்கார்ந்த ஒரு அம்மா, நான், இன்னும் சிலர்.

பிரச்சினை என்னால் வந்ததுதான். போன தடவை நான் அடம்பிடித்து சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்தை எடுக்கவைத்தேன். மதுரையின் அறுநூறு ஆண்டுகளை ஆயிரம் பக்கத்துக்கு மேல் சொல்கிற நாவல், சாகித்ய அகாதமி வாங்கியது, ஒரு தடவையாவது எல்லாரும் படிக்கவேண்டாமா என்று பேசித்தள்ளிவிட்டேன். இரண்டு மாதம் நேரமும் கொடுத்தோம். முடித்தவர்கள் நாலே பேர். மருந்துக்கடைக்காரர் 212ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகியவர் கடைசிவரை அந்த டிக்கெட்டை நகர்த்தவே இல்லை. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி கடைசி ஐம்பது பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் முழுதும் படித்திருந்ததால் அவர் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார், குறுக்கே பேச யாருக்கும் தைரியம் இல்லை, ஏனென்றால் பெரும்பாலோர் முடித்திருக்கவில்லை. அடுத்த மாதம் ஏழு பேர்தான் வந்தார்கள். புத்தகத்தின் மேல் குற்றம் இல்லை, எங்கள் கூட்டத்தின் மூச்சு எவ்வளவு என்று தெரியாமல் நான்தான் மலையேறச் சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை சின்னதாக ஒன்று. மூன்று பெயர்கள் மேலே வந்திருக்கின்றன: அசோகமித்திரனின் 'தண்ணீர்', பூமணியின் 'வெக்கை', ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. வாட்ஸப்பில் ஓட்டு வைத்தோம். 5, 5, 4 என்று நிற்கிறது. அதிலும் வெக்கைக்குப் போட்டவர்களை விசாரித்தால் மூன்று பேர் அதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்தவர்கள், புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

(எனக்கு உள்ளுக்குள் ஆசை ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. ஆனால் இப்போதைக்கு வாயைத் திறக்கமாட்டேன்.)

எதை எடுக்கலாம்? அதைவிட முக்கியமாக, எதை எடுத்தால் எல்லாரும் பேசுவார்கள்?

குடத்துக்காரி:

தண்ணீர். யோசிக்கவே வேண்டாம். ஒரே வாரத்தில் முடித்துவிடலாம், மருந்துக்கடைக்காரர் கடையில் உட்கார்ந்தே முடித்துவிடுவார்.

நான் சென்னைக்காரி, அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் எங்கள் தெருவில் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்குக் காவலாக வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக் குடம் பச்சை. எதிர்வீட்டிலும் பச்சை. அதனால் எங்கள் குடத்தின் கழுத்தில் அம்மா ஒரு பழைய ரிப்பனைக் கட்டியிருந்தார். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், செய்தியில் அதற்கு மாலையெல்லாம் போட்டு வரவேற்றதைக் காட்டினார்கள், எங்கள் தெருவில் அன்றைக்கும் லாரி வரவில்லை. அந்த நாட்களில்தான் இந்த நாவலை இரண்டாம் தடவை படித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதியதாம். எழுதியவர் எங்கள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாரோ என்று தோன்றியது.

ஆனால் தண்ணீர்ப் பஞ்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை. சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்கிற பாஸ்கர் ராவ். பக்கத்தில் டீச்சரம்மா, அவளுக்கு இருமிக்கொண்டே இருக்கிற ஒரு கணவன், ஒரு மாமியார். ஜமுனா நொறுங்கிக் கிடக்கும்போது டீச்சரம்மா வந்து ஆறுதல் சொல்லாமல் தன் கதையைச் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு அத்தியாயத்தை வைத்தே ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம். அவள் சொல்வது ஆறுதலா, திட்டா? எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் இதில் இன்னும் தீரவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். "தண்ணீர் எதன் குறியீடு" என்று உங்கள் தலைமையாசிரியர் ஆரம்பித்தால் போச்சு. கூட்டத்துக்கு முன்னாலேயே குறியீடு என்ற சொல்லுக்குத் தடை போட்டுவிடுங்கள்.

கரிசல்மண்:

குடத்துக்காரி சொல்வது சரிதான், நல்ல நாவல். ஆனாலும் என் ஓட்டு வெக்கைக்கு. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் வேறு எப்படிச் சொல்வேன்.

படம் பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள் என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ளவேண்டும். 2019இல் படம் வந்தபோது எங்கள் ஊரில் ஒரு சின்னக் கூட்டத்தில் இதைப் பேசினோம். பாதிப்பேர் படம் பார்த்த தைரியத்தில் வந்தார்கள். முதல் கால் மணி நேரத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். அப்பாவின் இளவயதுக் கதை என்று படத்தில் பெரிதாக வருகிறதே, அதைப் புத்தகத்தில் தேடித்தேடிப் பார்த்தேன், காணோமே என்றார் ஒருவர். அதுதான் இல்லை. படத்துக்காகச் சேர்த்தது. நாவல் 1982இல் வந்தது, பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடுவதில் தொடங்கும், அப்புறம் அவனும் அய்யாவும் காடு கரையில் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் கதை. பழிவாங்குகிற கதை என்று நினைத்துக் கையில் எடுத்தால், அப்பனும் மகனும் கிழங்கு தோண்டுவதும் கிடைத்ததைச் சுட்டுத் தின்பதும் எங்கே படுப்பது என்று பார்ப்பதுமாகப் பக்கங்கள் போகும். கொலை செய்த கையால் ஒரு பையன் எப்படிச் சாப்பிடுகிறான் என்பதைத்தான் அவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். படம் உரக்கப் பேசுகிற பல இடங்களில் புத்தகம் வாயே திறக்காது.

இப்படி ஒரு பக்கம் படம் மட்டும் பார்த்தவர்கள், இன்னொரு பக்கம் புத்தகம் மட்டும் படித்தவர்கள் என்று உட்காரவைத்தாலே சண்டை தானாக வரும். முறுக்கு அதிகமாக வாங்கிவையுங்கள்.

குறை சொல்லவேண்டும் என்றால், கரிசல் வழக்கு உங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதல் இருபது பக்கம் இடிக்கும். செடி கொடி பேரெல்லாம் வேறு. பொறுத்துக்கொண்டு தாண்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

வக்கீல் அக்கா:

பவானிக்காரர்கள் நாகம்மாளை விட்டுவிட்டு வெளியூரில் தேடுகிறீர்களே தம்பி.

1942இல் வந்த நாவல். கொங்கு வழக்கில் முழுசாக இறங்கி எழுதியது. தமிழில் வட்டார நாவல் என்று பேச்செடுத்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்திலேயே சிறுகதை எழுத்தாளர் கு.ப.ரா. முன்னுரை எழுதியிருக்கிறார். எழுதியவர் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர், உங்கள் கூட்டத்து அம்மாவுக்கு ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கவேண்டியிருக்காது. ஆனால் மண்வாசனைக்காக இதைச் சிபாரிசு செய்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்த வாசனையைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் பேசமுடியாது.

நாகம்மாள் என்ன கேட்கிறாள்? புருஷன் செத்துப்போனவள், ஒரு பெண் குழந்தை, கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் கூட்டாக இருக்கிறாள். எனக்கு வரவேண்டிய பாகத்தைப் பிரித்துக் கொடு என்கிறாள். அவ்வளவுதான். அவளுக்குப் பக்கபலமாக நிற்பவன் கெட்டியப்பன், ஊருக்கே ஆகாதவன், அவர்களுக்குள் உறவும் இருக்கிறது. இந்தப் பக்கம் சின்னப்பனின் மாமியார் வந்து, நிலத்தை விற்றுவிட்டு எங்கள் ஊருக்கே வந்துவிடுங்கள் என்று மகளையும் மருமகனையும் கலைக்கிறாள். முடிவில் ரத்தம் சிந்துகிறது. யார் ரத்தம் என்று சொல்லமாட்டேன்.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது. அவள் பாகம் கேட்டாளே, கேட்க முடியுமா? 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக்குடும்பத்தில் புருஷனுக்கு இருந்த பங்கு விதவைக்கு வரும், ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், பாகம் பிரிக்கச்சொல்லிக் கேட்கலாம் என்றது. அதற்கு முன்னால் அவளுக்கு ஜீவனாம்சம்தான், அதாவது சோறும் துணியும். சரி, சட்டம்தான் வந்துவிட்டதே என்றால், விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் வருகிற விஷயம், இந்தச் சட்டம் அதைத் தொடாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் விவசாய நிலத்துக்கும் அதை நீட்டித்தது 1947இல். ஆக, நாவல் அச்சான வருடத்தில் வீட்டில் பங்கு உண்டு, தோட்டங்காட்டில் கிடையாது. கொங்கு நாட்டில் தோட்டங்காடு இல்லாமல் பாகம் என்று வேறு என்ன இருக்கிறது?

நாவலில் சட்டம் பெரிதாகப் பேசப்படுவதில்லை, நான்தான் கொண்டுவந்து சேர்க்கிறேன். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு படித்தால் சின்னப்பன் கெட்டவனா என்ற கேள்வியே மாறிப்போகும். அவன் கெட்டவனே இல்லை, நல்ல உழைப்பாளி, மனைவிமேல் பிரியமானவன். நல்லவன் ஒருத்தன் தனக்கு ஊரும் வழக்கமும் சட்டமும் கொடுத்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு எழுந்து கத்துவதைத் தவிர வழி இல்லை.

அப்புறம், இது பழைய கதை என்று உங்கள் கல்லூரிப் பெண்கள் சொல்வார்கள். சொல்லட்டும். மகள்களுக்குப் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது, அதற்கு முன்னாலேயே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டு. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. இத்தனைக்கும் பிறகு, பத்திரப்பதிவு அலுவலகத்தில், தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிற அக்கா தங்கைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். ஏம்மா எழுதிக்கொடுக்கிறே என்று ஒருத்தியிடம் கேட்டேன். "நாளைக்குப் பொறந்த வீட்டுக்குப் போகவர வேண்டாமாங்க?" என்றாள், என்னவோ நான் புரியாமல் கேட்டுவிட்ட மாதிரி. கையில் அண்ணன் வாங்கிக்கொடுத்த புதுப்புடவை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

உங்கள் கூட்டத்தில் கையெழுத்துப் போட்ட தங்கையும் இருப்பாள், வாங்கிய அண்ணனும் இருப்பான். அவர்கள் நாகம்மாளைப் பற்றிப் பேசட்டும். தலைமையாசிரியரால் அன்றைக்கு நடுவே பேச முடியாது.

கடைசி பெஞ்ச்:

அக்கா சொன்னதற்குப் பிறகு எனக்கும் நாகம்மாள் படிக்கவேண்டும் போலிருக்கிறது, இருந்தாலும் ஒரு மாற்றுக்கருத்து. சொந்த ஊர்ச் சமாசாரம் என்றால் ஆட்கள் பேசுவார்கள் என்பது எப்போதும் பலிக்காது. எங்கள் கூட்டத்தில் ஒரு தடவை அப்படி எடுத்தோம். ஆள் பேர், ஊர்ப் பேர் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்க, "எங்க பெரியப்பா வீட்லயும் இப்படித்தான்" என்று ஒருவர் ஆரம்பித்து எட்டு பேர் எட்டுப் பெரியப்பா கதை சொன்னார்கள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. சொத்துத் தகராறு என்றால் கேட்கவே வேண்டாம், விடியவிடியப் போகும், இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்கப்புறம் உங்களுக்கு ஏழு பேர்கூட மிஞ்சமாட்டார்கள்.

அதற்கு ஒரு வழி: யார் பேசினாலும் முதலில் புத்தகத்திலிருந்து நாலு வரி வாசித்துவிட்டுத்தான் பேசவேண்டும். பெரியப்பா அதற்கு அப்புறம்.

இன்னொன்று, அந்த வாட்ஸப் ஓட்டைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். படிக்காத புத்தகத்துக்கு எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது? அட்டையைப் பார்த்தா? மூன்றிலிருந்தும் முதல் ஐந்து பக்கத்தை யாராவது சத்தமாக வாசிக்கட்டும், அரைமணி நேரம் ஆகும், எதில் கூட்டம் சுண்டலை மறந்து உட்கார்ந்திருக்கிறதோ அதை எடுங்கள். நாங்கள் இரண்டு வருடமாக இப்படித்தான் செய்கிறோம். சிபாரிசு செய்தவர் வாசிக்கக்கூடாது, அது ரொம்ப முக்கியம், இல்லையென்றால் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தே ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள்.

நூலகத் திண்ணை:

எல்லாரும் இலக்கியம் பேசுகிறீர்கள், நான் பிரதி பேசுகிறேன். முப்பது வருடம் நூலகத்தில் கார்டு எடுத்துக்கொடுத்த ஆள்.

14 பேருக்கு ஒரே புத்தகம் என்றால் எந்த ஊர் நூலகத்திலும் இருக்காது. ஒன்றோ இரண்டோ இருக்கும், அதில் ஒன்று தைக்கப் போயிருக்கும். ஆகவே வாங்கவேண்டியதுதான். முடிவு செய்வதற்கு முன்னாலேயே கடைக்குப் போன் போட்டு எத்தனை பிரதி கையிருப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். "இருக்கு" என்ற பதிலை நம்பவேண்டாம், எண்ணிச் சொல்லச்சொல்லுங்கள். பழைய நாவல்களை இப்போது சில நூறு பிரதிகள் மட்டும் அச்சடித்து, தீர்ந்தால் மறுபடி அடிக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். மொத்தமாக வாங்கினால் கழிவு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், பத்து சதவீதமாவது கொடுப்பார்கள்.

நாகம்மாளில் இன்னொரு சிக்கல். பழைய நாவல், வேறுவேறு பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, ஒருவர் கையில் இருக்கிற பக்க எண் இன்னொருவருக்கு ஒத்துவராது. "47ஆம் பக்கம் பாருங்க" என்று ஒருவர் சொன்னதும் 14 பேரும் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். அத்தியாய எண் சொல்லிப் பேசப் பழக்குங்கள்.

அந்தத் தறி அம்மாவுக்குக் கண் எப்படி? எங்கள் நூலகத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் எழுத்துப் பொடியாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாமல், புத்தகம் பிடிக்கவில்லை என்று சொல்லியே ஒரு வருடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுத்து அளவைப் பார்த்து வாங்குங்கள்.

குடத்துக்காரி:

@கடைசி பெஞ்ச் வாசித்துப் பார்க்கிற யோசனை நல்லாயிருக்கு. ஆனால் அதில் தண்ணீர் தோற்றுப்போகும் என்று இப்பவே சொல்லிவைக்கிறேன். அசோகமித்திரன் முதல் ஐந்து பக்கத்தில் யாரையும் பிடித்து இழுக்கமாட்டார், பக்கத்து வீட்டு மாமா மாதிரி சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருவார், நாலாம் நாள்தான் வலிக்கும். வெக்கைக்கு அந்தக் கஷ்டம் இல்லை, முதல் பக்கத்திலேயே அரிவாள்.

கரிசல்மண்:

அரிவாள் வைத்திருப்பது தப்பா அக்கா :)

பவானிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டம். கடைசி பெஞ்ச் சொன்னபடி வாசித்துப் பார்த்தோம், 11 பேர் வந்திருந்தார்கள்.

தண்ணீரை மருந்துக்கடைக்காரர் வாசித்தார். மருந்துச்சீட்டு வாசிக்கிற குரலிலேயே வாசித்தார், ஆனால் அந்த நடைக்கு அது பொருந்தித்தான் போனது. வெக்கையைக் கல்லூரிப் பெண் வாசித்தாள், கூட்டம் அசையவில்லை. அப்போதே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நாகம்மாளை யார் வாசிப்பது என்று வந்தபோது தறி அம்மா நான் வாசிக்கிறேன் என்றார். நாலு வருடத்தில் அவர் அங்கே சத்தமாக எதையும் வாசித்ததில்லை. எழுத்துக்கூட்டித்தான் ஆரம்பித்தார், பேச்சு வருகிற இடம் வந்ததும் குரல் மாறிவிட்டது, அது வாசிக்கிற மாதிரியே இல்லை, திண்ணையில் உட்கார்ந்து யாரையோ வைகிற மாதிரி இருந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். ஐந்து பக்கம் முடிந்தும் அம்மா நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை, அந்த அத்தியாயம் முழுதும் போனது. கை தூக்கச் சொன்னதில் நாகம்மாளுக்கு 8. வெக்கை அதற்கடுத்த மாதம். தண்ணீரைக் கோடைக்கு வைத்துக்கொள்வோம் குடத்துக்காரி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வக்கீல் அக்காவின் 1937, 1941, 1947 கணக்கை அங்கே சொன்னேன். மருந்துக்கடைக்காரர், "அப்ப எங்க பாட்டி ஏமாந்துதான் போனாளா" என்றார். அவர் பெரியப்பா கதைக்குள் போவதற்குள் தலைமையாசிரியரே கையை நீட்டி, நாலு வரி வாசித்துவிட்டுப் பேசுங்க என்றார்.

அப்புறம், நூலகத் திண்ணை ஐயா சொன்னது அப்படியே நடந்தது. கடையில் "இருக்கு" என்றார்கள். எண்ணச் சொன்னேன். 9. இன்னும் 5 வேண்டும், கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் யாரிடமாவது நாகம்மாள் பிரதி சும்மா இருந்தால் சொல்லுங்கள், எந்தப் பதிப்பாக இருந்தாலும் சரி, கூட்டம் முடிந்ததும் அட்டை போட்டுத் திருப்பித் தருகிறோம். அதில் ஒன்று எழுத்துப் பெரிதாக இருந்தால் நல்லது. அம்மா நேற்று அத்தியாயம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கதைக்காகவா எழுத்துக்காகவா என்று கேட்கத் தோன்றவில்லை.